பேஸ் கிடார் மேதைகளும் அவர்கள் கைவித்தையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டில் பேஸ் எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை. எப்படிக் கேட்பது?

போன் ஸ்பீக்கரில் கேட்டால் பிடிபடாது. நான்கு தந்தி பேஸில் எல்லாவற்றிலும் தடித்த ஈ தந்தி, திறந்த நிலையில் (விரல் வைக்காமல்) 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஏ 55, டி 73, ஜி 98. போன் ஸ்பீக்கர் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது. மேலே மிதக்கும் துணை அதிர்வுகளை மட்டும் அது தரும், மிச்சத்தை மூளை ஊகித்துக்கொள்ளும். காதை முழுக்க மூடும் சாதாரண ஹெட்போன் போதும். 'பேஸ் பூஸ்ட்' வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது கிக் டிரம்மையும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) பேஸையும் சேர்த்துக் குழைத்துவிடும்.

கேட்கும்போது முதலில் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே முடிகிறது என்று பாருங்கள். தொடக்கத்தை எல்லோரும் கவனிப்போம், முடிவைக் கவனிப்பவர்கள் குறைவு. ஸ்நேர் (குச்சியால் சுள்ளென்று அடிக்கும் டிரம்) விழும் இடத்துக்கு முன்பே பேஸ் வாயை மூடிக்கொள்கிறதா, அதன் மேலும் இழுபடுகிறதா? பாட்டு துள்ளுவதும் படுத்துக்கொள்வதும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. கீழே வரும் கலைஞர்கள் ஒவ்வொருவரும் இந்த நிறுத்தத்தைத் தனக்கென்று ஒரு விதமாகக் கையாண்டவர்கள்.

முதலில் யாரைக் கேட்பது?

ஜேம்ஸ் ஜேமர்சன். 1936இல் தென் கரோலினாவில் பிறந்து, டெட்ராய்ட்டில் மோட்டவுன் நிறுவனத்தின் ஸ்டுடியோ குழுவான ஃபங்க் பிரதர்ஸில் வாசித்தவர். 1960களில் மோட்டவுனிலிருந்து வந்த வெற்றிப் பாடல்களில் மிகப் பலவற்றின் அடித்தளம் அவருடையது. ஆனால் இசைத்தட்டு உறைகளில் வாசித்தவர்கள் பெயர் போடும் வழக்கம் அங்கே இல்லை. 1971இல் வெளியான மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் பெயர் ஒழுங்காக அச்சானது. 1983இல் இறந்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2000இல்.

அவருக்கு முன் பாப் பாடல்களில் பேஸின் வேலை சுருக்கம்: கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின்) ரூட்டை, அதாவது ஆதார ஸ்வரத்தை அடி, அடுத்ததற்குப் போ. ஜேமர்சன் ஜாஸ் வாசித்துப் பழகிய டபுள் பேஸ்காரர் (நின்றபடி வாசிக்கும் பெரிய மர பேஸ்). முதல் பீட்டில் ரூட்டை வைத்துவிட்டு, அடுத்த கார்ட் வருவதற்குள் கிடைக்கும் இடத்தில் ஒரு சிறு பேச்சையே பேசி முடிப்பார். பீட்டுக்கு நடுவில் விழும் அடிகள், அடுத்த ரூட்டுக்கு அரைப்படி கீழிருந்து ஏறும் ஸ்வரங்கள், இடையில் சட்டென்று ஒரு மௌனம். ஆனால் பாடகரின் வரியை அவர் மிதிப்பதில்லை. வரி முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில்தான் ஓட்டம் வரும்.

அவரிடம் உடனே எடுத்துக்கொள்ளக்கூடிய உத்தி ஒன்று இருக்கிறது: திறந்த தந்தி. திறந்த ஈ, எஃப்புக்கு அரைப்படி கீழே. திறந்த ஏ, பி ஃபிளாட்டுக்கு அரைப்படி கீழே. திறந்த டி, ஈ ஃபிளாட்டுக்கு. திறந்த ஜி, ஏ ஃபிளாட்டுக்கு. காற்று வாத்தியங்களுக்கு வசதியான ஃபிளாட் ஸ்கேல்களில் பாட்டு இருந்தால், இந்த நான்கும் அடுத்த கார்டுக்கு ஏறும் படிகளாகிவிடும். திறந்த தந்தி ஒலிக்கும் அந்தக் கணத்தில் இடது கைக்கு வேலை இல்லை, அதற்குள் கை புதிய இடத்துக்கு நகர்ந்துவிடலாம். கேட்பவருக்கு அது ஒரே ஓட்டமாகத் தெரியும்.

ஒரே விரலால்தான் வாசித்தாராமே? நானும் அப்படிப் பழக வேண்டுமா?

ஆமாம், வலது கை ஆள்காட்டி விரல் மட்டும். அந்த விரலுக்கே 'கொக்கி' என்று பட்டப்பெயர் உண்டு. மற்ற விரல்கள் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்னாக்கும் காந்தம்) மூடியின் மேல் ஓய்வெடுக்கும். எல்லா அடியும் ஒரே சதையில், ஒரே கோணத்தில் பிறப்பதால் ஒலியில் ஏற்ற இறக்கம் வருவதில்லை.

நீங்கள் இரண்டு விரல் பழகியவர் என்றால் அதை விட வேண்டாம். வாரம் ஒரு நாள் ஒற்றை விரலில் வாசியுங்கள். மெல்லிய தந்தியிலிருந்து தடித்த தந்திக்கு இறங்கும்போது அதே விரல் வழுக்கிக்கொண்டே அடுத்த தந்தியில் போய் நிற்க வேண்டும். அந்த நிற்றலே அடுத்த அடிக்கான தயார்நிலை. நிமிடத்துக்கு 70 பீட் வேகத்தில் தொடங்குங்கள். முன்கை வலித்தால் நிறுத்திவிடுங்கள். வலி வருவது பெரும்பாலும் கட்டைவிரலை இறுக்கி ஊன்றுவதால்.

அவருடைய ஒலி என் கிடாரில் வரவே இல்லை. டோன் குமிழை எவ்வளவு குறைக்க வேண்டும்?

குறைக்கவே வேண்டாம். ஜேமர்சன் வால்யூம், டோன் இரண்டையும் முழுக்கத் திறந்தே வைத்திருப்பார். அந்த மழுங்கிய ஒலி தந்தியிலிருந்தும் ஸ்பாஞ்சிலிருந்தும் வந்தது. 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ், அதில் லா பெல்லாவின் தடித்த ஃபிளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய, வழவழப்பான) தந்திகள். கனம் .052 முதல் .110 அங்குலம் வரை. இன்று கடையில் கிடைக்கும் வழக்கமான செட் .045 முதல் .105. தந்தி அறுந்தாலொழிய மாற்றமாட்டார். பிரிட்ஜ் (உடலில் தந்தி முடியும் இடம்) மூடிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சு. ஃபிரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேல் தந்தியின் உயரமும் அதிகம், அதனால் பலமாக அடித்தாலும் கரகரக்காது. ஸ்டுடியோவில் ஆம்ப் கிடையாது, கிடார் நேராக மிக்ஸர் கன்சோலுக்குப் போகும்.

தந்தி மாற்றுவதற்கு முன் ஸ்பாஞ்சைச் செய்து பாருங்கள், செலவு ஒன்றுமில்லை. பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சில் 7 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். பச்சை நார்ப் பகுதி வேண்டாம், மஞ்சள் பஞ்சுப் பகுதி மட்டும். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்திக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அதைவிட 2 அல்லது 3 மி.மீ. கூடுதல் உயரம் வையுங்கள். தந்திகளுக்கு அடியில் நுழைத்து, பிரிட்ஜ் சேடில்களை (தந்தி அமரும் சிறு துண்டுகள்) ஒட்டினாற்போல் தள்ளுங்கள். பிறகு டியூனிங்கைச் சரிபாருங்கள். திறந்த ஈ தந்தியை அடித்தால் ஒன்று, ஒன்றரை நொடியில் அடங்க வேண்டும்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று. ஸ்பாஞ்சு உயரம் கூடினால் தந்தியை மேலே தள்ளி சுருதியைக் கெடுக்கும். சேடிலிலிருந்து தள்ளி வைத்தால் 'டப் டப்' என்ற சத்தம் மட்டும் வரும், ஸ்வரம் தெரியாது. ஈ தந்தி செத்தும் ஜி தந்தி கணீரென்றும் இருந்தால் உயரம் சமமாக அழுத்தவில்லை என்று பொருள். ஈ பக்கம் கொஞ்சம் சரிவாகச் சீவிவிடுங்கள்.

பிறகும் ஆசை இருந்தால் ஃபிளாட்வவுண்ட் போடலாம். கனமான செட் கழுத்தை முன்னுக்கு இழுக்கும். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, 7, 8ஆம் ஃபிரெட் பக்கம் தந்திக்கு அடியில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மி.மீ. சுற்றி இருந்தால் சரி. கூடினால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பி) கடிகார திசையில் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். ஓர் இரவு விட்டு மறுநாள் மறுபடி அளந்து பாருங்கள். ஒரே மூச்சில் முழுச் சுற்று சுற்றி ராடையே முறித்தவர்கள் உண்டு.

பால் மெக்கார்ட்னியைப் பாடகராகத்தானே சொல்கிறார்கள். பேஸில் அவரிடம் என்ன இருக்கிறது?

பாட்டெழுதுகிறவர் பேஸ் வாசித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவரே உதாரணம். 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் வயலின் பேஸ் எடை குறைவு, நீளம் குறைவு, உள்ளே வெற்றிடம். அதில் ஸ்வரம் சீக்கிரம் உதிரும். 1965 வாக்கில் ஸ்டுடியோவில் ரிக்கன்பேக்கர் கைக்கு வந்ததும் ஒலி கூர்மையானது. பிந்தைய பீட்டில்ஸ் பதிவுகள் பலவற்றில் மற்றதெல்லாம் முடிந்தபின் பேஸைக் கடைசியில் தனி டிராக்கில் வாசித்தார். பாட்டு முழுக்கக் காதில் இருக்கும்போது, அதற்கு இன்னொரு மெட்டு போடுவதுபோல் பேஸை அமைக்க முடிந்தது.

அவர் கையாண்ட ஒரு வேலையைக் கையில் பிடித்துப் பாருங்கள். கார்டுகள் சி, ஜி, ஏ மைனர் என்று வைத்துக்கொள்வோம். பேஸ் ரூட்டையே பிடித்தால் சி, ஜி, ஏ என்று தாவ வேண்டும். நடுவில் உள்ள ஜி கார்டுக்கு ரூட்டை விட்டு பி ஸ்வரத்தை வாசியுங்கள். சி, பி, ஏ என்று படிக்கட்டு இறங்குவது போல் ஆகிவிடும். கார்டு மாறவில்லை, ஆனால் அதன் முகம் மாறிவிட்டது. எல்லா கார்டுக்கும் இதைச் செய்தால் பாட்டு கால் ஊன்றாமல் மிதக்கும். நான்கு கார்டில் ஒன்றுக்குப் போதும்.

அந்த முதல் ஹாஃப்னர் 1972இல் லண்டனில் திருடுபோய், ஐம்பது வருடம் கழித்துக் கிடைத்தது. கிடைத்த செய்தி 2024இல் வெளியானது. ஜேமர்சனின் பிரிசிஷனும் அவர் இறப்பதற்குச் சில நாள் முன் திருடுபோனதுதான். அது இன்றுவரை திரும்பவில்லை.

பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) வைத்து வாசிப்பது மட்டமா?

யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, இந்தப் பேச்சு ஓய்வதே இல்லை. கேரல் கேயைக் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். ஜாஸ் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவர், 1963இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டுடியோ ஒன்றில் பேஸ்காரர் வராத நாளில் பேஸை எடுத்தார். பிறகு கீழே வைக்கவில்லை. பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' உட்பட எண்ணற்ற பதிவுகளில் அவர் கை இருக்கிறது.

ஒழுங்கு இதுதான்: பீட்டின் மேல் விழும் அடிக்குப் பிக் கீழ் நோக்கி, பீட்டுக்கு நடுவில் விழும் அடிக்கு மேல் நோக்கி. அடி இல்லாத இடத்திலும் மணிக்கட்டு அதே ஊசலில் காற்றில் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். கையே மெட்ரோனோம் ஆகிவிடும். பிரிட்ஜ் பக்கத்தில் தந்தியின் மேல் ஃபெல்ட் துணி வைத்து ஒலியை அடக்குவது அவர் வழக்கம். பிக்கின் கூரான தொடக்கமும் ஃபெல்ட்டின் குறுகிய முடிவும் சேர்ந்தால் மலிவான ரேடியோவிலும் பேஸ் தெளிவாகக் கேட்கும்.

ஜமைக்காவின் ரெகே இசையில் பேஸ் அவ்வளவு குறைவாக வாசிக்கிறார்கள், அதில் என்ன பெரிய விஷயம்?

குறைவாக வாசித்து ஆடவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று முயன்றால்தான் தெரியும். 2024 பிப்ரவரியில் காலமான ஆஸ்டன் 'ஃபேமிலி மேன்' பாரெட், பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவின் பேஸ். டிரம்மில் தம்பி கார்ல்டன். ஒன் டிராப் என்ற அவர்கள் தாளத்தில் கிக் டிரம் முதல் பீட்டைக் காலியாக விட்டு மூன்றாவதில் விழும். பேஸும் பல இடங்களில் அந்த முதல் பீட்டுக்குப் பணிவதில்லை.

சமத்தில் அடித்தே பழகிய கை இங்கே தடுமாறும். முதல் பீட்டை உதட்டளவில் 'ஒன்று' என்று எண்ணி, கையைச் சும்மா வையுங்கள். தந்தியை பிரிட்ஜிலிருந்து விலகி கழுத்துப் பக்கம் மீட்டுங்கள், டோன் குமிழை மூடுங்கள். பெரும்பாலோர் தவறுவது காலி இடத்தில் முந்தைய ஸ்வரத்தை ஒலிக்க விடுவதில். இடது கை விரலை ஃபிரெட்டிலிருந்து தளர்த்தினால் போதும், தந்தியை விட்டு எடுக்கக் கூடாது. எடுத்தால் திறந்த தந்தி முனகும்.

ஸ்லாப் வாசிப்பு யாருடைய கண்டுபிடிப்பு?

மின் பேஸில் அதை நிலைநாட்டியவர் லாரி கிரஹாம். அம்மாவோடு சேர்ந்து கிளப்புகளில் வாசித்தபோது டிரம்மர் இல்லாமல் போனது. கிக் டிரம்முக்குப் பதிலாகக் கட்டைவிரலால் தந்தியில் அடித்தார், ஸ்நேருக்குப் பதிலாக மெல்லிய தந்தியை விரலால் சுண்டினார். பிறகு ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவோடு 1960களின் கடைசியில் உலகமே அதைக் கேட்டது. மிருதங்கத்தில் தொப்பியும் வலந்தலையும் பேசிக்கொள்வதை அறிந்த காதுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அடி விழ வேண்டிய இடம் கடைசி ஃபிரெட்டின் மேல். கட்டைவிரலின் எலும்புப் பக்கம் பட்டுத் துள்ளித் திரும்ப வேண்டும். அசைவு மணிக்கட்டில், பூட்டில் சாவி திருப்புவதுபோல். விரல் தந்தியிலேயே தங்கினால் 'பொத்' என்று செத்த ஒலிதான் வரும். சுண்டும் விரலை நகக்கண் ஆழம் வரை மட்டும் தந்திக்கு அடியில் விடுங்கள். ஆழமாகக் கொக்கி போட்டு இழுப்பவர்களுக்குக் கொப்புளம் வரும், அடுத்த அடியும் தாமதமாகும். இன்றைய ஸ்லாப் வீடியோக்களில் பாதி, டிரம்மருக்கு இடமே விடாத சர்க்கஸ். கிரஹாம் டிரம்மர் இல்லாததால் அவ்வளவு அடித்தார், டிரம்மர் இருந்தபோது அளவோடு நின்றார்.

ஜாக்கோ பஸ்டோரியஸை ஏன் எல்லோரும் கொண்டாடுகிறார்கள்?

1951இல் பிறந்து 1987இல், 35 வயதில் இறந்தவர். தன் பெயரிலான முதல் ஆல்பம் 1976இல். அதே வருடம் வெதர் ரிப்போர்ட் குழுவில் சேர்ந்தார். 1977இல் வந்த 'ஹெவி வெதர்' ஆல்பத்தில் 'டீன் டவுன்' என்ற பாட்டின் மெட்டையே பேஸில் வாசித்து, டிரம்மும் அவரே வாசித்தார். கையில் இருந்தது 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ். ஃபிரெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, பள்ளங்களை மரப்புட்டியால் நிரப்பி, படகுக்குப் பூசும் எபாக்ஸியை விரல் பலகைமேல் பூசியிருந்தார். தந்தி ரோட்டோசவுண்டின் ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியது). அரம் போன்ற அந்தத் தந்தி மரத்தைத் தின்றுவிடும் என்பதால்தான் எபாக்ஸி. அந்தக் கடினமான பூச்சு ஒலிக்கும் பளபளப்பும் நீளமும் கூட்டியது. பிரிட்ஜ் பிக்கப்பை உயர்த்தி, பிரிட்ஜை ஒட்டியே மீட்டுவார். மனிதக் குரல் போன்ற அந்த மூக்கொலி அங்கிருந்து வருகிறது.

மெட்டும், தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்ஸும்தான் புகழ் பெற்றவை. என் கணிப்பில் அதைவிடப் பெரியது அவருடைய பதினாறாம் பங்கு ஓட்டம் (ஒரு பீட்டுக்கு நான்கு அடி). வாயால் 'தகதிமி' சொல்லிப் பழகினால் எளிதில் பிடிபடும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அடி. 'த', 'தி' இரண்டும் ஒலிக்கட்டும். 'க', 'மி' இரண்டிலும் இடது கை தந்தியை லேசாகத் தொட்டபடி இருக்க, 'டிக்' என்ற டெட் நோட் வரட்டும். 60இல் சீராக வந்தபின், ஒலிக்கும் எழுத்துகளை மாற்றுங்கள்: 'த', 'மி' மட்டும், பிறகு 'க' மட்டும். வலது கை கடைசிவரை நிற்காது. அவர் வேகம் கண்ணைப் பறிக்கும், ஆனால் உயிர் இந்த டெட் நோட்டுகளில் இருக்கிறது.

ஹார்மோனிக்ஸ் சில இடங்களில் கணீரென்று வருகிறது, சில இடங்களில் வரவில்லையே?

தந்தியின் நீளத்தைச் சம பங்காகப் பிரிக்கும் புள்ளிகளில் மட்டுமே அது பிறக்கும். அங்கே விரலை அழுத்தாமல் தொட்டு, மீட்டியவுடன் எடுத்துவிட வேண்டும். 12ஆம் ஃபிரெட் பாதி, 7ஆம் ஃபிரெட் மூன்றில் ஒன்று, 5ஆம் ஃபிரெட் நான்கில் ஒன்று. இவை மூன்றும் ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலேயே இருப்பதால் எல்லோருக்கும் வந்துவிடும். ஐந்தில் ஒன்று என்ற புள்ளிதான் ஏமாற்றும். 34 அங்குல பேஸில் அது 4ஆம் ஃபிரெட்டுக்கு நேராக இல்லை, அங்கிருந்து நட் (கழுத்தின் தலைப்பக்க முனை) பக்கம் சுமார் 5 மி.மீ. தள்ளி இருக்கிறது. ஆறில் ஒன்று, 3ஆம் ஃபிரெட்டைத் தாண்டி பிரிட்ஜ் பக்கம் சுமார் 6 மி.மீ. பிரிட்ஜ் பிக்கப்பைத் திறந்து, பிரிட்ஜ் அருகில் மீட்டுங்கள். பழைய தந்தியில் இவை வராது. இந்த ஒரு விஷயத்தில் ஜேமர்சனைப் பின்பற்ற முடியாது.

என் பழைய பேஸின் ஃபிரெட்டுகளை நானே பிடுங்கி ஜாக்கோ ஆக்கலாமா?

ஆக்கலாம், கெடுக்கவும் வாய்ப்பு அதிகம். ஃபிரெட்டைச் சாலடரிங் அயனால் சூடாக்கி மெதுவாக எடுக்காவிட்டால் மரம் சிம்பு சிம்பாகப் பெயரும். ஃபிரெட் போனதும் தந்தி தேவைக்கு மேல் உயரமாகிவிடும். நட் பள்ளத்தையும் சேடிலையும் இறக்க வேண்டியிருக்கும். எபாக்ஸி பூசினால் காற்றுக்குமிழி, தேய்க்கும்போது நுரையீரலுக்கு ஆகாத தூசி. ஃபிளாட்வவுண்ட் போட்டுக்கொண்டால் எபாக்ஸியே தேவையில்லை.

விரலும் இடம் மாற வேண்டும். ஃபிரெட் உள்ள பேஸில் கம்பிக்குப் பின்னால் அழுத்துவோம், ஃபிரெட் பிடுங்கிய ஃபிரெட்லெஸில், ஃபிரெட் இருந்த கோட்டின் மேலேயே. 1 மி.மீ. தப்பினால் முதல் ஃபிரெட் இடத்தில் சுருதி 2 சென்ட்தான் விலகும், 12ஆம் இடத்தில் 4 சென்ட். ஒரு செமிடோனுக்கு (அரைப்படிக்கு) 100 சென்ட் என்பது கணக்கு. அரை செ.மீ. தப்பினால் மேலே 20 சென்ட், அது எந்தக் காதுக்கும் உறுத்தும். தம்புரா ஆப் ஒன்றை ஓடவிட்டு, அதன்மேல் ச, ப, மேல் ச மட்டும் ஒரு வாரம் பிடித்துப் பாருங்கள். கண்ணாடியில் கையைப் பார்த்துச் சுருதி சேர்க்க முயல வேண்டாம், சாய்வாகப் பார்க்கும் கண் கோட்டைத் தள்ளிக் காட்டும்.

நம் பாடல்களில் பேஸைக் கவனிக்க எங்கே தொடங்குவது?

இளையராஜாவின் 1980களில். பேஸ் வரியை அவர் நோட்டேஷனாகவே எழுதித் தருவார். அதனால் அங்கே பேஸ், பாட்டுக்குக் கீழே ஓடும் இரண்டாவது மெட்டு. அவர் குழுவில் நெடுங்காலம் வாசித்தவர் சசிதரன். 'மூடுபனி' (1980) படத்தின் 'என் இனிய பொன் நிலாவே' பாடலை ஹெட்போனில், பாடகரை மறந்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். ஏ.ஆர். ரஹ்மான் பாடல்கள் பலவற்றில் வாசித்தவர் சென்னையின் கீத் பீட்டர்ஸ். இளைய தலைமுறையில் மும்பையின் மோஹினி டே. கொன்னக்கோல் சொற்களை வாயால் சொல்லிக்கொண்டே அதே கணக்கை பேஸில் வாசிப்பவர்.

ஒரு மேதையின் வரியை முழுதாகக் கற்றுக்கொள்ள சரியான வழி எது?

டேப் தாளை (எந்தத் தந்தியில் எந்த ஃபிரெட் என்று எழுதிய தாள்) பார்க்காமல் தொடங்குங்கள். முதலில் வரியை வாயால் பாடுங்கள். பாட வராத இடம் உங்களுக்குக் கேட்கவே இல்லை என்று பொருள். யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்கினால் சுருதி மாறாது. இரண்டு பார் (தாளச் சுற்று) மட்டும் எடுத்து, ஸ்வரங்களைப் பிடித்து, பிறகு நீளங்களைப் பிடியுங்கள். ஸ்வரம் சரியாக இருந்தும் ஒட்டவில்லை என்றால், கோளாறு பத்தில் ஒன்பது முறை நீளத்தில் இருக்கும்.

அதன்பின் போனில் பதிவு செய்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். மெட்ரோனோமின் 'டிக்'கை 2, 4ஆம் பீட்டுகளாக நினைத்துக்கொண்டு வாசியுங்கள். பாட்டு 100 என்றால் மெட்ரோனோம் 50இல் இருக்க வேண்டும். டிக் விழும்போது உங்கள் ஸ்வரம் அடங்கியிருக்கிறதா, இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறதா என்று பதிவில் பாருங்கள். அந்த இரண்டு பார் பிடிபடும்வரை மூன்றாவது பாருக்குப் போக வேண்டாம்.